வடசென்னைப் பகுதியில் பறவை வேட்டைப் பருவம்

பறவை வேட்டைப் பருவம் என்பது, குறிப்பிட்ட பறவைகளைச் சுடுவதற்கோ பிடிப்பதற்கோ சட்டமோ வழக்கமோ இடமளிக்கும் மாதங்களைக் குறிக்கும். எஞ்சிய மாதங்கள் 'மூடிய காலம்' எனப்படும். சென்னையின் வடக்கே இராயபுரம், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் எனத் தொடங்கிப் பழவேற்காடு வரை நீளும் ஈரநிலப் பகுதியில், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இப்பருவம் ஏறக்குறைய செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை இருந்தது. உள்ளான்களும் வலசை வரும் வாத்துகளும் இப்பருவத்தின் முதன்மை வேட்டைப் பறவைகள்.

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991இல் செய்யப்பட்ட திருத்தமும் இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. துப்பாக்கி ஓய்ந்தது. ஆனால் அதே காலத்தில் பறவைகள் இறங்கிய கழனிகளும் உப்பளங்களும் கழிமுகமும் பெருமளவு உருமாறின. பறவையைக் காப்பதும் பறவையின் நிலத்தைக் காப்பதும் இரண்டு தனித்தனிச் செயல்கள் என்பதை இப்பகுதியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ஃபெசன்ட் குடும்பமும் தென்னகமும்

மேலை நாடுகளில் பறவை வேட்டைப் பருவம் என்றவுடன் நினைவுக்கு வருவது ஃபெசன்ட் எனப்படும் நீண்ட வாலுடைய கோழியினப் பறவை. ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட இப்பறவை வேட்டைக்காகவே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கொண்டுபோய் விடப்பட்டது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்கு 1880களின் தொடக்கத்தில் சீனாவின் சாங்காய் நகரிலிருந்து இது அனுப்பப்பட்டது. தெற்கு டகோட்டா மாநிலத்தில் 1919இல் முதல் வேட்டைப் பருவம் அறிவிக்கப்பட்டது. 1943இல் அதுவே அம்மாநிலத்தின் மாநிலப் பறவையானது.

இந்தியாவில் ஃபெசன்ட் என்ற பெயருக்குரிய பறவைகள் பெரும்பாலும் இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கிலும் வாழ்கின்றன. தமிழகச் சமவெளியில் அவை இல்லை. எனினும் மயில், காட்டுக்கோழி, கவுதாரி, காடை ஆகிய நான்கும் உயிரியல் வகைப்பாட்டில் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. 1963இல் இந்தியாவின் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயில், ஒரு வகையில் ஃபெசன்டின் உறவுப் பறவையே. செண்பகத்தை ஆங்கிலேயர் 'காக்கை ஃபெசன்ட்' என்று அழைத்தனர். ஆனால் செண்பகம் குயிலினத்தைச் சேர்ந்தது. பெயரில் மட்டுமே ஃபெசன்ட் உண்டு.

கவுதாரியும் காடையும் புதர்க்காடுகளிலும் மேட்டு நிலங்களிலும் வாழ்பவை. சென்னையின் வடக்கே நிலம் தாழ்ந்தும் நீர் சூழ்ந்தும் இருந்ததால், அங்கே ஃபெசன்டின் இடத்தை உள்ளானும் வாத்தும் பிடித்துக்கொண்டன.

நிலமும் பருவமும்

கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைச் சேர்கிறது. ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து வடக்கே பழவேற்காடு ஏரி வரை உவர்நீர்க் கால்வாய்களும், அலையாத்திச் செடிகளும், உப்பளங்களும், சேற்றுப் படுகைகளும் தொடர்ச்சியாக அமைந்திருந்தன. மேற்கே மணலி, மீஞ்சூர், பொன்னேரிப் பக்கங்களில் ஏரிப் பாசனக் கழனிகள் பரவியிருந்தன. பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். அதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அப்போது ஏரிகள் நிரம்புகின்றன, கழனிகள் சேறாகின்றன, சேற்றில் புழுவும் பூச்சியும் பெருகுகின்றன. இதே மாதங்களில்தான் சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குளிர் கூடி, அங்குள்ள நீர்ப்பறவைகள் தெற்கு நோக்கிப் பறக்கின்றன. இந்தியா அமைந்துள்ள இப்பெரும் பறவைப் பாதை 'மத்திய ஆசியப் பறவை வழி' எனப்படுகிறது.

உள்ளான்களின் முதல் கூட்டங்கள் ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பரிலும் வந்து சேரும். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை முதலிய வாத்தினங்கள் மழை தொடங்கிய பின் வரும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் நீர் வற்றும்போது இவை வடக்கே திரும்பும். ஆகவே வேட்டைப் பருவத்தின் தொடக்கத்தையும் முடிவையும் முதலில் வகுத்தது அரசாணை அன்று. மழையும் பறவைகளின் வருகையுமே அவற்றை வகுத்தன.

கோட்டையிலிருந்து தொடங்கிய பறவை ஆர்வம்

சென்னைப் பறவைகள் பற்றிய ஐரோப்பியப் பதிவு மிகப் பழமையானது. புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய எட்வர்ட் பக்லி, இப்பகுதிப் பறவைகளின் ஓவியங்களை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவை ஜான் ரே எழுதி 1713இல் வெளியான பறவை நூலில் இடம்பெற்றன. இந்தியப் பறவைகள் குறித்து அச்சில் வந்த மிகப் பழைய பதிவுகளுள் இது ஒன்றாகக் கருதப்படுகிறது.

19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த மருத்துவர் தாமஸ் ஜெர்டன், 1862 முதல் 1864 வரை 'இந்தியப் பறவைகள்' என்ற நூலை வெளியிட்டார். ஆலன் ஆக்டேவியன் ஹியூமும் சார்லஸ் மார்ஷலும் இணைந்து வெளியிட்ட வேட்டைப் பறவைகள் பற்றிய மூன்று தொகுதிகள் 1879 முதல் 1881 வரை வந்தன. இந்திய தேசிய காங்கிரசின் தோற்றத்தில் பங்குபெற்ற அதே ஹியூம்தான் இவர். அன்றைய பறவையியலின் பெரும்பகுதி துப்பாக்கியின் துணையுடன் வளர்ந்தது. பறவையைச் சுட்டு, அளந்து, தோலைப் பதப்படுத்தி வைப்பதே ஆய்வு முறையாக இருந்தது. வேட்டைக்காரர் எழுதிய குறிப்புகளே பின்னாளில் எந்தப் பறவை எந்த மாதத்தில் எங்கு வந்தது என்பதை அறியச் சான்றுகளாயின.

எண்ணூர்: ஓய்விடமும் வழித்தடமும்

நகரிலிருந்து வடக்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள எண்ணூர், கம்பெனி ஆட்சிக் காலத்தில் கோட்டை ஆங்கிலேயரின் ஓய்விடமாக இருந்தது. கடற்காற்றுக்கும் மீனுக்கும் படகுச் சவாரிக்கும் வேட்டைக்கும் உகந்த இடமாக அது விளங்கியது.

போக்குவரத்து வசதியும் இதற்கு உதவியது. பேசில் காக்ரேன் என்ற வணிகர் 1801இல் உரிமம் பெற்று, சென்னையிலிருந்து எண்ணூர் வரை உவர்நீர்க் கால்வாய் வெட்டினார். 1806இல் முடிந்த அக்கால்வாய் பின்னர் பழவேற்காடு வரை நீட்டப்பட்டது. 1837இல் அரசு அதனை எடுத்துக்கொண்டது. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தின்போது, நிவாரணப் பணியாக நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. விறகும் உப்பும் நெல்லும் சுமந்து சென்ற அதே நீர்வழி, சதுப்பின் நடுவே சென்றதால் வேட்டைக்குச் செல்வோருக்கும் பயன்பட்டது.

தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா சாலை நோக்கிப் புறப்பட்டது. அந்த வழி மேற்கே சென்றது. 1899இல் வடக்கு நோக்கிய இருப்புப் பாதை திறக்கப்பட்ட பின், எண்ணூரும் பொன்னேரியும் நகரிலிருந்து சில மணி நேரப் பயணமாகச் சுருங்கின. விடுமுறை நாளில் காலையில் சென்று இரவுக்குள் திரும்பும் வேட்டை இதனால் எளிதாயிற்று.

பருவத்துக்கான ஆயத்தம்

உள்ளான் வேட்டைக்குத் திட்டமிடல் மிகவும் தேவை. கோரையும் நெல்தாளும் நிறைந்த சேற்றில் உள்ளான் அசையாமல் பதுங்கியிருக்கும். அதன் பழுப்புக் கோடுகள் காய்ந்த புல்லோடு கலந்துவிடும். மனிதர் மிக அருகில் வந்த பிறகே கரகரத்த குரலுடன் விருட்டென்று எழும்பி, வளைந்து நெளிந்து பறக்கும். குறி வைப்பது கடினம் என்பதால் இப்பறவையைச் சுடுவது தனித் திறமையாக மதிக்கப்பட்டது. மறைந்திருந்து குறி பார்த்துச் சுடுபவரைக் குறிக்கும் 'ஸ்னைப்பர்' என்ற ஆங்கிலச் சொல், உள்ளானின் ஆங்கிலப் பெயரான 'ஸ்னைப்' என்பதிலிருந்து பிறந்தது. 1770களில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படை அலுவலர்களின் கடிதங்களோடு அச்சொல்லின் வரலாறு தொடர்புபடுத்தப்படுகிறது.

வேட்டைக்கு ஆயத்தம் செய்வோர் கவனித்தவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

நீரின் அளவு: முழங்காலளவு நீர் நிற்கும் கழனியில் உள்ளான் இறங்காது, காய்ந்து வெடித்த நிலத்திலும் இறங்காது. அலகு நுழையும் அளவுக்குச் சேறு மென்மையாக இருக்க வேண்டும். ஆகவே மழை எவ்வளவு பெய்தது, எந்த ஏரியின் மதகு திறந்துள்ளது என்பதை உள்ளூரில் விசாரிப்பது முதல் வேலையாக இருந்தது.

நாளின் நேரம்: வாத்துகளுக்கு விடியற்காலையும் அந்தி நேரமும் ஏற்றவை. உள்ளானுக்கு வெயில் ஏறிய நேரம் ஏற்றது. வெப்பத்தில் அது எளிதில் எழும்பாமல் பதுங்கியிருக்கும்.

காற்றின் திசை: உள்ளான் காற்றை எதிர்த்து எழும்பும் இயல்புடையது. எனவே வேட்டைக்காரர்கள் காற்று வீசும் திசையிலேயே நடந்தனர்.

ஆட்கள்: கழனியில் வரிசையாக நடந்து பறவையைக் கிளப்பவும், விழுந்த பறவையை எடுத்து வரவும் உள்ளூர் ஆட்களும் சிறுவர்களும் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். எந்த வயலில் எந்த மாதம் உள்ளான் இறங்கும் என்ற அறிவு இவர்களிடமே இருந்தது.

துப்பாக்கியும் தோட்டாவும்: 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியும், மிகச் சிறிய ஈய ரவைகள் அடைத்த தோட்டாக்களும் பயன்பட்டன.

அன்றைய வேட்டைக் கணக்கு ஜோடிக் கணக்கில் எழுதப்பட்டது. ஒரு நாளில் எத்தனை ஜோடி என்பதே பெருமையின் அளவுகோல். ஒருவர் ஒரு நாளில் இத்தனைதான் சுடலாம் என்ற கட்டுப்பாடு சமவெளிக் கழனிகளில் நடைமுறையில் இல்லை. இன்றும் தெற்கு டகோட்டாவில் ஒரு வேட்டைக்காரர் ஒரு நாளில் மூன்று ஆண் ஃபெசன்ட்களை மட்டுமே சுடலாம். பெட்டைகளைச் சுடக் கூடாது. அடுத்த ஆண்டுக்கு விதை நெல் எடுத்து வைப்பது போன்ற ஏற்பாடு அது. வடசென்னைக் கழனிகளில் அவ்வாறு எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. பறவைகள் வேறெங்கோ பிறந்து வந்ததால், அவை தீர்ந்துபோகும் என்ற எண்ணமே எழவில்லை.

வலையும் கண்ணியும்

துப்பாக்கி ஏந்தியவர்கள் மட்டுமே வேட்டையாடினர் என்று கருதுவது தவறு. நரிக்குறவரும் இருளரும் பிற உழைக்கும் மக்களும் உணவுக்காகவும் சந்தையில் விற்பதற்காகவும் பறவைகளைப் பிடித்தனர். வலை, சுருக்குக் கண்ணி, பறவைகளின் குரலைப் போன்று ஒலி எழுப்பி அழைத்தல் முதலிய முறைகளை அவர்கள் கையாண்டனர். காடை, கவுதாரி, கொக்கு, மடையான், வாத்து ஆகியவை அவர்களுக்குக் கிடைத்தன.

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இவ்விரு தரப்புக்கும் இடையிலான வேறுபாட்டைக் கூர்மையாக்கியது. துப்பாக்கி வைத்திருக்க இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயமாக்கப்பட்டது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின்னரே விதிகளில் இந்த இனப் பாகுபாடு நீக்கப்பட்டது. ஒரே பறவையை ஒரே கழனியில் ஒருவர் சுட்டால் அது விளையாட்டு. மற்றொருவர் கண்ணி வைத்துப் பிடித்தால் அது திருட்டு வேட்டை எனப் பார்க்கும் மனப்போக்கும் இக்காலத்தில் வளர்ந்தது.

பழவேற்காடு ஏரியின் மீனவர்களிடம் 'பாடு' என்ற முறை வழங்கி வருகிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை வீசுவது என்பதைச் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. பொது நீர்நிலையை வரம்புக்குட்பட்டுப் பயன்படுத்தும் அறிவு இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதற்கு இது சான்றாகும்.

வேட்டையைக் கட்டுப்படுத்திய சட்டங்கள்

தமிழகத்தில் வேட்டைப் பருவம் முதலில் சட்டவடிவம் பெற்றது நீலகிரியில்தான். அங்கே 1877இல் வேட்டைச் சங்கம் தோன்றியது; 1879இல் நீலகிரி வேட்டை மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமம், மூடிய காலம் ஆகியவை அதன்வழி நடைமுறைக்கு வந்தன. ஆனால் அச்சட்டம் மலைக்கு மட்டுமே உரியது. எண்ணூர்ச் சதுப்புக்குப் பொருந்தாது.

1887இல் இந்திய அளவில் காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இனப்பெருக்கக் காலத்தில் பறவைகளை விற்பதையும் வைத்திருப்பதையும் தடுக்க விதி செய்யும் அதிகாரத்தை அது நகராட்சிகளுக்கும் படைக் குடியிருப்புகளுக்கும் அளித்தது. நகராட்சி எல்லைக்கு வெளியே இருந்த கழனிக்கு அதனால் பயன் குறைவு. 1902இல் காட்டுப் பறவைகளின் இறகுகளை ஏற்றுமதி செய்வதற்கு இந்திய அரசு தடை விதித்தது. ஐரோப்பியப் பெண்களின் தொப்பிகளுக்காகக் கொக்குகளும் மீன்கொத்திகளும் கொல்லப்பட்ட காலம் அது.

1912ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள் மற்றும் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் இன்னும் விரிவானது. அதன் அட்டவணையில் ஃபெசன்ட், மயில், காட்டுக்கோழி, கவுதாரி, காடை, வாத்து, கொக்கு, மீன்கொத்தி முதலியவை இடம்பெற்றன. இவற்றுக்கு மூடிய காலத்தை அறிவிக்கும் பொறுப்பு மாகாண அரசுகளிடம் விடப்பட்டது. முதல் குற்றத்துக்கு 50 ரூபாய் வரை அபராதம் என்று வகுக்கப்பட்டது.

இந்த அட்டவணையில் ஒரு நுட்பமான செய்தி உள்ளது. மயில் உள்ளான் அதில் இருந்தது. வலசை வரும் சாதாரண உள்ளான்கள் இல்லை. மயில் உள்ளான் இங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது. வலசை உள்ளான்களோ சைபீரியப் பகுதியில் இனப்பெருக்கம் செய்துவிட்டு இங்கே இரை தேடி மட்டுமே வருபவை. மூடிய காலம் என்ற கருத்து முட்டையையும் குஞ்சையும் காப்பதற்காக உருவானது. எனவே, விருந்தாளியாக மட்டும் வரும் பறவைக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. பறவைக்கு இரையும் ஓய்வும் தரும் நிலமும் காக்கப்பட வேண்டியதே என்ற எண்ணம் அன்றைய சட்டத்தில் இல்லை.

வேடந்தாங்கல்: வேறொரு வழி

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வடக்கில் எண்ணூர் இருந்தது போல, தெற்கில் வேடந்தாங்கல் இருந்தது. பெயரிலேயே வேடரைக் கொண்ட இவ்வூரில் நடந்தது நேர்மாறானது. ஏரியில் உள்ள மரங்களில் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டின. அவற்றின் எச்சம் கலந்த நீர் பயிருக்கு நல்ல உரமாவதை ஊரார் உணர்ந்திருந்தனர். ஆகவே பறவைகளை யாரும் தொடக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடாக இருந்தது.

ஆங்கிலேயப் படைவீரர்கள் அங்கு வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் மாவட்ட ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டனர். 1798இல் அவர் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுத்து வடிவில் வழங்கினார். 1858இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. 1936இல் அரசு அதனைச் சரணாலயமாக ஏற்றது. 2022இல் அது ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது.

வேடந்தாங்கலில் காக்கப்பட்டது பறவை மட்டுமன்று. ஏரியும், மரமும், அவற்றை நம்பிய உழவும் சேர்ந்தே காக்கப்பட்டன. எண்ணூரில் உப்பு எடுத்தவர்களுக்கும் இறால் பிடித்தவர்களுக்கும் அத்தகைய உரிமைப் பத்திரம் எதுவும் கிடைக்கவில்லை.

வேட்டையின் முடிவு

விடுதலைக்குப் பின்னும் வேட்டை தொடர்ந்தது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் தொடக்கத்தில் அதனை முழுவதும் தடை செய்யவில்லை. சில உயிரினங்களை முற்றிலும் காத்து, வேறு சிலவற்றை உரிமம் பெற்று வேட்டையாட அது இடமளித்தது. 1991ஆம் ஆண்டின் திருத்தமே உரிம வேட்டையை நீக்கி, அட்டவணைகளில் உள்ள காட்டுயிர்களை வேட்டையாடுவதைப் பொதுவாகத் தடை செய்தது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. 2022இல் செய்யப்பட்ட திருத்தம் அபராதத்தை உயர்த்தியது. இன்று இந்தியாவில் மயில், காட்டுக்கோழி, கவுதாரி, உள்ளான், காட்டு வாத்து ஆகிய எதற்கும் வேட்டைப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் மூடிய காலமே.

இத்தடையின் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழவில்லை. பொழுதுபோக்குக்காகச் சுட்டவர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வேறு பொழுதுபோக்கைத் தேடிக்கொண்டனர். பறவை பிடித்தலையே தொழிலாகக் கொண்ட நரிக்குறவருக்கு அது பிழைப்பின் இழப்பு. பாசிமணி கோத்து விற்பதும் சிறு வணிகமும் அவர்களது முதன்மைத் தொழில்களாயின. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற நீண்டகாலக் கோரிக்கையை நிறைவேற்றும் சட்டம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

தொழில் வளர்ச்சியும் ஈரநிலமும்

வேட்டை குறைந்துவந்த அதே பத்தாண்டுகளில் வடசென்னை, தமிழகத்தின் முதன்மைத் தொழிற்பகுதியாக வளர்ந்தது. 1948இல் எண்ணூரில் மோட்டார் வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 1955இல் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தயாரிப்பு தொடங்கியது. 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1970களின் தொடக்கத்தில் உரத் தொழிற்சாலையும் இயங்கலாயின. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970 முதல் மின்சாரம் தந்தது. வடசென்னை அனல் மின்நிலையம் 1994இல் இயங்கத் தொடங்கியது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. இன்று அது காமராசர் துறைமுகம் எனப்படுகிறது.

ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலையும், மாநிலத்துக்கு மின்சாரமும் எரிபொருளும் இவற்றால் கிடைத்தன. இதற்கு ஈரநிலம் கொடுத்த விலையும் பெரிது. கழனிகள் ஆலை வளாகங்களாயின. உப்பளங்களின் மீது மண் கொட்டப்பட்டது. நிலக்கரிச் சாம்பல் கலந்த கழிவு கழிமுகத்தில் படிந்து நீரோட்டத்தைத் தடுத்தது. இதற்கு எதிராக மீனவர்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று வாதாடினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் எண்ணெய் அப்பியது. கூழைக்கடாக்களின் இறகுகளிலும் எண்ணெய் படிந்ததை நாளேடுகள் படங்களுடன் வெளியிட்டன. வேட்டையாடியவர் எவரும் அங்கு இல்லை. ஆயினும் பறவைகள் பாதிக்கப்பட்டன.

காட்டுயிர்ச் சட்டத் திருத்தம் வந்த 1991ஆம் ஆண்டிலேயே, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் வெளியானது. கழிமுகங்களையும் அலையாத்திப் பகுதிகளையும் காப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆக, ஒரே ஆண்டில் பறவைக்கும் நிலத்துக்கும் காப்பு அறிவிக்கப்பட்டது. முதலாவது பெருமளவு நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது, தொழில் தேவைகளுக்கான விலக்குகளாலும் ஆக்கிரமிப்புகளாலும் வடசென்னையில் வலுவிழந்தது. துப்பாக்கி ஏந்திய ஒருவரைத் தடுப்பது எளிது. அவர் கண்ணுக்குத் தெரிவார். ஒரு சதுப்பு சிறிது சிறிதாக மேடாவதைத் தடுக்கப் பல துறைகளின் ஒத்துழைப்பும், பல ஆண்டுக் கண்காணிப்பும் தேவைப்படுகின்றன.

இன்றைய பருவம்

பழவேற்காடு ஏரியின் தமிழகப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைகளும் வாத்துகளும் கரைப்பறவைகளும் குளிர்காலத்தில் அங்கு வருகின்றன. எண்ணூர்க் கழிமுகத்தின் எஞ்சிய சேற்றுப் படுகைகளிலும் உள்ளான்களையும் கொக்குகளையும் இன்றும் காணலாம்.

அக்டோபர் வந்தால் ஆயத்தம் செய்யும் வழக்கமும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1978இல் தொடங்கப்பட்ட சென்னை இயற்கையாளர் சங்கம் போன்ற அமைப்புகளின் ஆர்வலர்கள், மழையளவையும் ஏரிகளின் நீர்மட்டத்தையும் விசாரித்து, எந்த நாளில் எங்கே செல்வது என்று திட்டமிடுகின்றனர். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பொங்கல் விடுமுறை நாள்களில் தமிழகம் முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடந்துவருகிறது. இதில் மாணவர்களும் பங்கேற்கலாம். இருநோக்கியும் குறிப்பேடும் பொறுமையும் இருந்தால் போதும்.

பழைய வேட்டைக்காரர் கேட்ட அதே கேள்விகளையே இன்றைய கணக்கெடுப்பாளரும் கேட்கிறார்: மழை பெய்ததா, சேறு பதமாக உள்ளதா, பறவை இறங்கியதா? அன்று விடை ஜோடிக் கணக்கில் எழுதப்பட்டது. இன்று எழுதப்படும் எண்கள், ஒரு கழிமுகம் இன்னும் உயிருடன் இருக்கிறது என்பதற்கு ஆட்சியாளரிடமும் தீர்ப்பாயத்திடமும் காட்டத்தக்க சான்றாகின்றன. ஆண்டுதோறும் அந்த எண்ணைத் தவறாமல் எழுதி வைப்பதே, வலசைப் பறவைகளுக்கு இப்பகுதி மக்கள் செய்யக்கூடிய எளிய பாதுகாப்பாகும்.